கூடத்தில் கம்பளம் விரித்த வருஷம்

1946 செப்டம்பர் 9, திங்கள்

பிரசவத்துக்கு அம்மையார்குப்பம் பிறந்த வீட்டுக்குப் போனவள் குழந்தையோடு திருத்தணி மாமியார் வீட்டுக்குத் திரும்பி நாலு நாள் ஆகிறது. நைனா வண்டி கட்டிக்கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அத்தை அவரை உள்ளே கூப்பிட்டார். ஆனால் கூப்பிட்ட விதத்திலேயே வரவேண்டாம் என்பதும் இருந்தது. நைனா ஒரு வாய் மோர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிவிட்டார்.

இன்று ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தூளியில் தணிகாசலம் அழுதான். எழுந்து எடுக்கப் போனேன். அத்தை ஓடி வந்து எனக்கு முன்னால் தூளியில் கை வைத்தார்.

"நீ உக்காரு தேவகி. நீ உக்காந்த பொறவு நான் மடியில போடறேன்."

உட்கார்ந்தேன். போட்டார். அவன் பால் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அத்தை கெட்டவர் இல்லை. பயப்படுகிறார். நான் மட்டும் பயப்படவில்லையா என்ன?

செப்டம்பர் 13

வந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவை.

அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண்ணைத் திறந்தால் அத்தையின் முகம். என் உள்ளங்கையில் இரும்புச் சாவி. வாயெல்லாம் ரத்த ருசி. கீழ்ப்பல் ஒன்று பாதி இல்லை. எங்கள் கூடம் முழுக்கக் கடப்பைக்கல். அதில் விழுந்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

"கொழந்த எங்க, கொழந்த எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். அவன் தூளியில்தான் இருந்தான்.

வலிப்பு வந்து போனால் அதற்கு முந்தைய நாட்களும் கொஞ்சம் அழிந்துபோகின்றன. எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்ததற்கு இதுதான் பிரயோஜனம். இவனுடைய நாள் ஒன்றுகூட எனக்குத் தொலையக்கூடாது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கனகம்மாசத்திரத்திலிருந்து ரஞ்சிதம் அக்கா வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் தமக்கை. அங்கே பஸ் நிற்கும் இடத்தில் அவர்களுக்குக் கடை இருக்கிறது. குழந்தை இல்லை. அத்தைதான் ஆள் அனுப்பி வரவழைத்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை சொன்னார். "ரெண்டு மூணு வயசு வரைக்கும் புள்ள அங்க இருக்கட்டும். தூக்கற வயசு தாண்டட்டும். பொறவு யார் வாணாம்னு சொன்னா?"

ரஞ்சிதம் அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆசையைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். குனிந்து தரையைப் பார்த்தார்.

"கீழ கல்லா இருக்கறதுதானே பிரச்சினை? கல்ல மூடிட்டா?"

"இன்னாத்தடா போட்டு மூடுவே?" என்று கேட்டார் அத்தை.

செப்டம்பர் 22

இவர் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். அரக்கோணத்தில் ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகிறாராம். பங்களா சாமான்களையெல்லாம் விற்கிறார். அதில் ஒரு பெரிய கம்பளம். இவர் தன் சைக்கிளை விற்றுவிட்டார். இனி ஸ்டேஷனுக்கு நடந்து போவாராம். "நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்கிறார்.

 கம்பளம் விரிக்கும்வரை பொறுக்கும்படி அத்தை ரஞ்சிதம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்.

அக்டோபர் 6, ஞாயிறு

கம்பளம் விரிக்கிறவர்கள் வந்தார்கள். கஜபதி என்பவரும் அவர் மனைவி கோவிந்தம்மாளும். அரக்கோணத்தில் துரைமார்கள் பங்களாக்களுக்கெல்லாம் அவர்கள்தான் விரிப்பார்களாம். பராமரிப்பும் அவர்களே. எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு இதுவரை விரித்ததில்லை என்று கஜபதியே சொன்னார்.

"கூடத்துல மட்டும்தானே? நாற்காலி எங்க வரும், மேஜ எங்க வரும்?"

"நாற்காலி கிடையாது. சுவத்துக்குச் சுவரு மூடணும். பக்கத்து ரூமும்" என்றார் இவர்.

"இன்னாத்துக்குங்க அவ்ளோ?"

 நான்தான் சொன்னேன். "எனக்கு வலிப்பு வரும். விழுந்துடுவேன். குழந்தைய வச்சிகினு இருக்கணும்."

கஜபதி அளவுக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். கோவிந்தம்மாள்தான் பேசினார். "அப்ப சும்மா போட்டா ஆவாது. அடியில மெத்துனு குடுக்கணும். சுவத்தோரமும் வுடக்கூடாது."

அக்டோபர் 8

இரண்டு நாளாக வீடு வீடாக இல்லை. தூளியை அடுக்களையில் கட்டியிருக்கிறோம்.

முதலில் தென்னை நார்ப் பாய். அதன்மேல் பட்டாளத்துக் கம்பளிகள். சண்டை முடிந்து வந்தவை, மலிவாகக் கிடைக்கிறதாம். அதற்கும் மேலேதான் கம்பளம். கருஞ்சிவப்பு, ஓரத்தில் நீலப்பூ. கல்லில் ஆணி இறங்காது என்று சுவரோரம் மரச்சட்டம் வைத்து அதில் அடிக்கிறார் கஜபதி. முழங்காலால் உதைத்து உதைத்து இழுக்கிறார். வெட்டி ஒட்டுப்போட்ட இடங்களை மெழுகு தடவிய நூலால் கோவிந்தம்மாள் தைக்கிறார். தையல் மேலே தெரியவில்லை. நெய்கிற வீட்டில் பிறந்தவள் நான், என் கண்ணுக்கே தெரியவில்லை.

அத்தை கம்பளத்தை மிதிக்காமல் சட்டத்தின்மேலேயே நடக்கிறார். "எந்த நாயி படுத்து எழுந்துதோ இதுல." கஜபதி டீ குடிக்க வெளியே போன நேரம் பார்த்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கோவிந்தம்மாள் பார்த்துவிட்டார். "ஐயோ, தண்ணி மட்டும் ஆவாது தாயி! ஈரம் எறங்கிச்சின்னா இது வீணாப் பூடும்" என்று தன் முந்தானையால் ஒற்றி எடுத்தார்.

போகும்போது கஜபதி சொல்லிவிட்டுப் போனார். தினமும் ஒட்டப் பிழிந்த டீத்தூளைத் தூவிப் பெருக்க வேண்டும், அது தூசியை இழுத்துக்கொள்ளுமாம். மூலைகளில் வேப்பிலையும் புகையிலையும். மாதம் ஒருமுறை அவர்களே வந்து ஓரத்தைக் கழற்றி உதறிவிட்டுப் போவார்கள்.

அக்டோபர் 9

இன்று குழந்தையை நின்றுகொண்டு தூக்கினேன்.

அத்தை தூளியிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்புறம் என் கையில் கொடுத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். "உக்காரு" என்று சொல்லவில்லை. சுவரிலிருந்து சுவருக்கு நடந்தேன். மறுபடியும் நடந்தேன். கால் புதைகிறது. அவன் தலை என் தோளில். அவனுக்கு இத்தனை கனம் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். உட்கார்ந்திருக்கிறவளுக்குக் குழந்தையின் கனம் தெரியாது. மடிக்குத்தான் தெரியும்.

ஜன்னலில் மலையைக் காட்டினேன். கோபுரத்தைக் காட்டினேன். அவன் என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான். வலித்தது. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் இவர் வந்தபோது வாசலில் குழந்தையோடு நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தார். செருப்பு கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

அக்டோபர் 27, ஞாயிறு

குழந்தை கையில் இருக்கும்போதே வந்துவிட்டது.

எனக்குத் தெரியாது. அத்தை சொன்னதை எழுதுகிறேன். நான் திரும்பினேனாம், ஒரு சத்தம் போட்டேனாம், விழுந்தேனாம். குழந்தை கையிலிருந்து நழுவிக் கம்பளத்தில் விழுந்து உருண்டானாம். கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு அழுதானாம். கீறல்கூட இல்லை. எனக்கும் இல்லை.

அத்தை அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் கம்பளத்தின் நடுவில் வந்து, முதல் தடவையாக, உட்கார்ந்தார்.

நவம்பர் 18

மழை. எட்டு நாளாக விடவில்லை. மேற்குச் சுவர் ஊறுகிறது. கூடத்தில் ஈரநாய் வாசனை.

நவம்பர் 25

தணிகைக்குச் சளி. வசம்பு சுட்டு உரசிக் கொடுத்தார் அத்தை.

டிசம்பர் 4

சளி இல்லை இது. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். விலா உள்ளே குழிகிறது. தூக்கி வைத்துக்கொண்டு நடந்தால் கொஞ்சம் அடங்குகிறது. நான் நடக்கிறேன். ஆனால் கூடத்தில் நடக்க நடக்க மறுபடி மோசமாகிறது. என்ன செய்வேன்?

டிசம்பர் 9

கஜபதியும் கோவிந்தம்மாளும் வந்து மேற்கு ஓரத்தைப் பிரித்தார்கள். அடிக்கம்பளியில் பச்சையாகப் பூசணம். அதை வெட்டி எடுத்து எரித்தார்கள். "மய நின்னா வெய்யில்ல போட்டு ஒரு அடி அடிச்சிடலாம். புதுசாட்டம் ஆயிடும்" என்றார் கஜபதி.

குழந்தையின் மூச்சைக் கோவிந்தம்மாள் காது வைத்துக் கேட்டார். திரும்பிக் கம்பளத்தைப் பார்த்தார்.

டிசம்பர் 16

ஆஸ்பத்திரி டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார். மூச்சிழுப்பு என்றார். "வீட்ல தூசி அதிகமா? பஞ்சு, கம்பளி ஏதாவது?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கம்பளம் விரிச்சிருக்கோம் சார்."

"எதுக்கு?"

இவர் சொன்னார். டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "கொஞ்ச நாள் குழந்தையை வேற வீட்ல வச்சுப் பாருங்க" என்றார்.

டிசம்பர் 18

ரஞ்சிதம் அக்கா வந்து எடுத்துப் போனார். பஸ் ஏறும்போது அவன் அழவில்லை.

டிசம்பர் 20

பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. அத்தை மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்.

டிசம்பர் 28

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மூச்சு சுத்தமாக இருக்கிறது. சிரிக்கிறான். ரஞ்சிதம் அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டே கடையில் வெற்றிலை எடுத்துக் கொடுக்கிறார். "ஒரு நாள்கூட இழுக்கல தேவகி" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். ஏன் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை?

1947 ஜனவரி 20

பொங்கல் முடிந்து நல்ல வெயில். கம்பளம் முழுவதையும் கழற்றிப் பின்கட்டில் கொடியில் போட்டு மூங்கிலால் அடித்தார்கள். தூசி பக்கத்து வீடு வரை போனது. பூந்திக்கொட்டை நுரையால் துடைத்து நாள்கணக்கில் காயவைத்து மறுபடி விரித்தார்கள். இவர் முகத்தில் நம்பிக்கை. குழந்தையைக் கூட்டிவரலாம் என்கிறார்.

ஜனவரி 26, ஞாயிறு

வந்துவிட்டான்! நாள் முழுக்க இறக்கி வைக்கவில்லை.

பிப்ரவரி 3

மறுபடியும் அந்தச் சத்தம்.

பிப்ரவரி 10

கஜபதி இன்னும் ஒருதரம் அடித்துப் பார்க்கலாம் என்றார். கோவிந்தம்மாள் அவரைப் பேசவிடவில்லை. "வுடுய்யா. எவ்ளோ அடிச்சாலும் இதுல தூசி ஊறிகினேதான் இருக்கும். நம்ப பொயப்புக்காக அந்தப் புள்ள மூச்ச பணயம் வைக்காத." என் பக்கம் திரும்பினார். "எங்களால ஆனது இவ்ளோதாம்மா. கோச்சுக்காத."

கஜபதிக்கு முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த மூங்கிலைச் சுவரில் சாத்தினார்.

பிப்ரவரி 12

எனக்கும் இவருக்கும் சண்டை. கல்யாணம் ஆனதிலிருந்து இப்படிப் போட்டதில்லை.

இவர் சொல்கிறார், கம்பளம் இருக்கட்டும், பையன் அக்காவிடம் வளரட்டும். "அவன் அங்க நல்லா இருப்பான். நீ இங்க பத்திரமா இருப்பே. ரெண்டு பேரும் உசுரோட இருக்கணும் எனக்கு."

"கம்பளத்த எடுத்துடுங்க. அவன் இங்க இருக்கட்டும்."

"கல்லுல விழுந்து மண்ட ஒடைஞ்சா?"

"ஒடையட்டும்."

"ஒடையட்டும்னு சுளுவா சொல்றே. பாத்துகினு இருக்கறவன் நானு! நீ கண்ண மூடிக்கிற. ஒவ்வொரு தபாவும் நான்தானே பாக்கறேன்?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாமல் போகிற அந்த நேரம் முழுவதும் அவர் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கிறார். அவர் அழுதார். நானும்.

பிப்ரவரி 13

அத்தைதான் முடிவு சொன்னார். அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

"கம்பளத்த எடுக்கலாம். புள்ள இங்கியே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. நீ தூக்கக் கூடாது. நின்னுகினு ஒரு தபாகூடத் தூக்கக் கூடாது. அயுதாலும் சரி, நான் கொல்லையில இருந்தாலும் சரி. உக்காந்துகினு மடியில வச்சிக்க, எத்தினி நாழி வேணும்னாலும் வச்சிக்க. அந்த மலையப் பாத்து சொல்லு."

ஜன்னலில் மலை தெரிந்தது.

"ஆங், தூக்கமாட்டேன்" என்றேன்.

அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தன் தோளில் இழுத்துக்கொண்டார். அவர் கையில் கீரை வாசனை. "எனுக்கு மட்டும் ஆசையாடி?" என்றார்.

பிப்ரவரி 15

நாளை எடுக்க வருகிறார்கள். இன்று கடைசியாக அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன். தலையாட்டினார். முற்றத்தில் அவன் மூச்சு கொஞ்சம் தெளிவாக இருந்தது. தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். இருமினான். உடனே வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சட்டத்தைப் பெயர்க்கிற சத்தம் காலையிலிருந்து. தைத்த இடங்களைக் கோவிந்தம்மாளே கத்தியால் பிரித்தார். அரக்கோணத்தில் ஒரு நாடகக் கொட்டகைக்காரர் வாங்கிக்கொள்கிறாராம். கஜபதி தன் கூலியை வாங்க மறுத்தார். இவர் சட்டைப் பையில் திணித்தார்.

வண்டியில் சுருளை ஏற்றிய பிறகு கோவிந்தம்மாள் திரும்பி வந்து, ஈரத்துணியால் கல் தரை முழுவதையும் ஒருமுறை துடைத்தார். அது அவர் வேலை இல்லை. வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. மூலையிலெல்லாம் விரலை விட்டுத் துடைத்தார். "ஒரு நூலுகூட வுடலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 2

தணிகை பதினைந்து நாளாக இழுக்கவில்லை.

மார்ச் 11

விழுந்தேன். நெற்றியில் தையல். இவர் ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்தார். சைக்கிள் இல்லை, ஓடித்தான் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மே 6

ஆஸ்பத்திரியில் வலிப்பு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நாளெல்லாம் தூக்கம். அவன் தவழ ஆரம்பித்தது எந்த நாள் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையைக் கேட்டு எழுத வேண்டும்.

ஜூன் 12

மலையில் அவனுக்கு முடி இறக்கினார்கள். படி ஏறுவது எனக்கு ஆகாது. அடிவாரத்தில் பூக்கடைக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "கொயந்த உன்துதா? நீ ஏன் போவல?" என்று கேட்டாள். கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அத்தை இடுப்பில் இறங்கி வந்தான். என்னைக் கண்டதும் கையை நீட்டித் துள்ளினான். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். அத்தை குனிந்து கொடுத்தார். சந்தனம் என் ரவிக்கையெல்லாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஸ்டேஷனில் கொடி ஏற்றினார்களாம். இவர் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் காட்டினார். எனக்கு ஒரு மிட்டாய் வந்தது.

அக்டோபர் 19

நடக்கிறான். தூணிலிருந்து என்னிடம் வந்தான். நான் நின்றுகொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் புடவையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கினான். "தூ… தூ…"

வீட்டில் யாரும் இல்லை. அத்தை கொல்லையில்.

குனிந்தேன். அவன் அக்குளில் கை வைத்தேன். கனம் கைக்கு வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் ஏமாந்துபோய் அழுதான். மடியில் இருக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு இறங்கினான். அத்தை ஓடி வந்து தூக்கினார். உடனே அழுகை நின்றுவிட்டது.

அக்டோபர் 23

இன்றும் கேட்டான். இன்றும் உட்கார்ந்தேன்.

நவம்பர் 20

மழை. மேற்குச் சுவர் போன வருஷம் மாதிரியே ஊறுகிறது. அவன் மூச்சைக் காது வைத்துக் கேட்டேன். சுத்தமாக இருக்கிறது.

டிசம்பர் 8

எழுந்திருக்க இரண்டு நாள் ஆயிற்று. விழுந்தேன். பல் இன்னொன்று. போதும், எழுத ஒன்றுமில்லை.

1948 ஜனவரி 11, ஞாயிறு

ரஞ்சிதம் அக்கா வந்திருக்கிறார். தணிகை அவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். சாயங்காலம் அப்பா வருகிற நேரத்துக்கு வாசலிலேயே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். தண்ணீர்க்காரியிடம்கூடத் தூக்கச் சொல்கிறான்.

மத்தியானம் நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் வந்தான். என் முகத்தைப் பார்த்தான். கையைத் தூக்கவில்லை. என் காலடியில் தானே உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் கல்லைத் தட்டிக் காட்டினான்.

அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உட்கார்ந்தேன். மடியில் ஏறிக்கொண்டான்.